ரெனைசான்ஸ் வேக்ஸ்: செப்புக்காசு சேர்ப்பவர்கள் வாங்கலாமா?

பழங்காசு சேர்க்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "காசுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு இப்போது அடிக்கடி கிடைக்கும் பதில் ரெனைசான்ஸ் வேக்ஸ் என்ற இங்கிலாந்து மெழுகு. தென்னிந்தியச் செப்புக்காசுகளுக்கு இதைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுத்தம் செய்து முடித்த, உள்ளே உப்பு தங்கியிருக்கவில்லை என்று உறுதியான செப்புக்காசுகளுக்கு இது மிக நல்ல மேற்பூச்சு. காசைச் சுத்தம் செய்யும் பொருள் என்று நினைத்து வாங்குபவர் பணத்தை வீணாக்குவார். வெள்ளியும் தங்கமும் மட்டும் சேர்ப்பவருக்கு இது தேவையே இல்லை.

இந்த மெழுகு பிறந்த இடம் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடம். முதல் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் சுரங்க ரயில் பாதைக்குள் வைக்கப்பட்டிருந்த அருங்காட்சியகப் பொருள்கள், போர் முடிந்து வெளியே வந்தபோது துருவும் பூஞ்சையும் பிடித்துக் கிடந்தன. அவற்றைக் காப்பாற்றும் முயற்சியிலிருந்துதான் அந்த ஆய்வுக்கூடம் 1920இல் உருவாயிற்று. அங்கே பணியாற்றிய வெர்னர் என்ற வேதியியலர் 1950களில் இந்த மெழுகை உருவாக்கினார். அதுவரை புழக்கத்தில் இருந்த தேன்மெழுகு, கார்னவ்பா மெழுகு போன்றவற்றில் அமிலக் கூறுகள் உண்டு. நாள்படச் செம்பின் மேல் அந்த அமிலமே களிம்பை உண்டாக்கும். பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் நுண்படிக மெழுகுகளைக் கலந்து, டர்பன்டைன் போன்ற ஒரு கரைப்பானில் குழைத்துச் செய்தால் அந்தச் சிக்கல் இராது என்பதே அவருடைய வழி. இன்று பிக்ரியேட்டர் என்ற நிறுவனம் 65 மி.லி., 200 மி.லி. தகர டப்பாக்களில் விற்கிறது. மரச்சாமான், தோல், பளிங்கு, பழைய வாள் என்று எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே காசுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகள், முதலாம் இராசராசன் பெயர் பொறித்த காசுகள், மதுரை நாயக்கர் காலத்துச் சிறுகாசுகள். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரை வைகைப் பகுதியிலும் கிடைத்து, பல கைகள் மாறி வந்த காசு வகைகள் இவை. மெழுகு தேவையா இல்லையா என்பதைப் புரிந்துகொள்ள, இத்தகைய ஒரு காசின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். செம்பை ஒட்டி முதலில் செந்நிறக் குப்ரைட் என்ற ஆக்சைடு படலம் இருக்கும். அதன் மேல் மாலகைட் என்ற பச்சைக் கார்பனேட்டும், சில காசுகளில் அசுரைட் என்ற நீலக் கார்பனேட்டும் படிந்திருக்கும். இவற்றுக்கும் மேலேதான் மண்ணும் மணலும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும். இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்த காசில், அச்சடித்தபோது இருந்த பழைய மேற்பரப்பு பெரும்பாலும் உலோகமாக எஞ்சியிருப்பதில்லை. யானையின் தும்பிக்கையும் மீனின் கோடுகளும் அந்தக் குப்ரைட், மாலகைட் படலங்களுக்குள்தான் வடிவமாக நிற்கின்றன. படலத்தைக் கழற்றினால் யானையும் சேர்ந்தே போய்விடும்.

பெருவழுதி என்று தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த பாண்டியக் காசை நினைத்துப் பாருங்கள். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அதைப் படித்து வெளியிட்டதால்தான் சங்கப் பாடல்களில் மட்டும் தெரிந்திருந்த ஒரு பெயர் செம்பிலும் கிடைத்தது. அந்த எழுத்துகள் தலைமுடிக்குச் சற்றே தடித்த கோடுகள். புளி போட்டு ஒரு முறை தேய்த்திருந்தால் படிக்க ஒன்றும் மிஞ்சியிராது.

ஆனாலும் புளிதான் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருகிறது. குத்துவிளக்கையும் செப்புக்குடத்தையும் புளியும் உப்பும் வைத்துத் துலக்கிப் பழகிய கை, காசைக் கண்டாலும் அதையே செய்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பச்சைப் படலத்தை நிமிடக்கணக்கில் கரைத்துவிடும். அதைவிடக் கேடு உப்பு. உப்பின் குளோரைடு செம்பின் நுண்துளைகளுக்குள் இறங்கி, பின்னால் செம்பையே தூளாக அரிக்கப்போகும் ஒரு நோய்க்கு விதையாகிறது; அந்த நோயைப் பிறகு விளக்குகிறேன். எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பொடி, விபூதி ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். விபூதியில் அமிலம் இல்லையென்றாலும் தேய்மானம் உண்டு. செல்போன் சார்ஜரின் கம்பியை அறுத்து, உப்புத் தண்ணீரில் காசைத் தொங்கவிட்டு மின்பகுப்பு செய்யும் காணொளிகளும் உலவுகின்றன. அவற்றைப் பார்த்துச் செய்பவர்களுக்குக் கடைசியில் கையில் கிடைப்பது, உருவம் எதுவும் இல்லாத, குழி விழுந்த ஒரு சிவந்த செப்புத் தகடு.

மின்பகுப்பு என்பது முழுக்க முட்டாள்தனமான முறை என்று நான் சொல்லவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் பரமசிவன் அவர்கள் நோய் பிடித்த செப்புத் திருமேனிகளை அந்த முறையில்தான் காப்பாற்றினார். அங்கே மின்னோட்டத்தை அளந்தும், கரைசலை மாற்றியும், நாள்தோறும் கண்காணித்தும் வேலை நடந்தது. திருமேனியின் கனமும் காசின் கனமும் ஒன்றல்ல. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள காசில் அரை மில்லிமீட்டர் படலம் போய்விட்டால் என்ன மிச்சம்?

மெழுகு போடுவதற்கு முன் நான் செய்வது மிகக் குறைவு. மண் ஒட்டிய காசை வடிநீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றுவேன். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்கும் நீர் போதும். குழாய்நீரில் குளோரின் இருக்கிறது, வீட்டு ஆர்.ஓ. நீரிலும் குளோரைடு முழுவதும் நீங்குவதில்லை. இளகிய மண்ணை மென்மையான தூரிகையாலும், மூங்கில் பல்குச்சியாலும், கருவேல முள்ளாலும் பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் வைத்து எடுக்கிறேன். முள் மாலகைட்டைவிட மென்மையானது என்பதால் படலத்தைக் கீறுவதில்லை. மண்ணை மட்டும் பெயர்த்துக்கொண்டு வரும். ஊசியும் கத்தியும் அப்படி இல்லை. அவை பழகிய கைகளுக்கு மட்டும் உரியவை. தேங்காய் எண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ மாதக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. எண்ணெயின் கொழுப்பமிலங்கள் செம்போடு சேர்ந்து பச்சைச் சோப்பு போன்ற பிசுக்கை உண்டாக்கும். மெதுவாகத்தான் நடக்கும் என்றாலும் படலத்தைத் தின்னவே செய்யும்.

மண் நீங்கிய பிறகு அசிட்டோன். கை எண்ணெய், பழைய வார்னிஷ், பசை, பிளாஸ்டிக் உறையிலிருந்து வந்த பிசுக்கு எல்லாவற்றையும் இது கரைத்துவிடும். செம்பையோ பச்சைப் படலத்தையோ தொடாது. ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் தூய அசிட்டோனாகக் கேட்டு வாங்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் நறுமணமும் நிறமும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில்தான் ஊற்ற வேண்டும்; பல பிளாஸ்டிக் கிண்ணங்களை அசிட்டோன் கரைத்துவிடும், கரைந்தது முழுவதும் காசின் மேல் படியும். எளிதில் தீப்பிடிப்பது என்பதால் அடுப்பும் ஊதுவத்தியும் இல்லாத இடத்தில், சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்வது நல்லது. என்னைப் பொறுத்தவரை, ஒரு காசுக்குச் செய்யத்தக்க சுத்தத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு திரவங்களோடு முடிந்துவிடுகிறது.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்னது முறையாக விலைக்கு வாங்கிய காசுக்கு. வயலிலோ வீட்டு அடித்தளத்திலோ தோண்டும்போது காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணோடு அப்படியே ஒப்படைக்கவும் வேண்டும். அந்த மண்ணும், காசுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வரிசையும் ஆய்வாளருக்குச் சான்றுகள்.

இனி இந்த மெழுகைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். ஒரு விற்பனையாளர் இராசராசன் காசு ஒன்றை நீட்டி, "சார், மெழுகு போட்டாச்சு, இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். உருப்பெருக்கியில் பார்த்தபோது, நிற்கும் உருவத்தின் கால்மாட்டில் வெளிர்பச்சையாக ஒரு சிறு பொட்டு தெரிந்தது. சுற்றியிருந்த படலம் கரும்பச்சையாகவும் இறுக்கமாகவும் இருக்க, அந்த இடம் மட்டும் பொருக்குத் தட்டி மாவாக உதிர்ந்தது. சேகரிப்பாளர்கள் வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான். வெண்கலம் என்று பெயர் இருந்தாலும் செம்புக்கும் இது வரும்.

மண்ணில் கிடக்கும்போது உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உலோகத்தை ஒட்டிய ஆழத்தில் தங்கிவிடுகிறது. அது காற்றின் ஈரத்தையும் ஆக்சிஜனையும் சந்திக்கும்போது வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. புதிய தூளுக்கு இடம் அதிகம் வேண்டியிருப்பதால் மேலுள்ள படலம் வெடித்துப் பெயர்கிறது. கூடவே அமிலமும் உண்டாகி, அடுத்த அடுக்குச் செம்பைக் கரைத்து மறுபடியும் குளோரைடாக்குகிறது. ஆகவே வினை தானாக நிற்பதில்லை. ஈரப்பதம் 42 முதல் 46 விழுக்காட்டைத் தாண்டும்போது இது தொடங்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல்தான். அதாவது, நம் ஊர்க் காற்றில் வெறுமனே வைத்திருப்பதே ஒரு நோயுற்ற காசுக்குப் போதுமான கேடு.

மெழுகுப் படலம் நீராவியை முழுவதும் தடுப்பதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. உள்ளே குளோரைடு இருக்கும் காசின் மேல் மெழுகு பூசினால், நோய் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் சற்று மெதுவாக நடக்கும். தெரியவரும்போது பொருக்கு ஒரு சில்லாகவே பெயர்ந்து வரும். ஆகவே மெழுகு போட்ட காசை வாங்குபவர், போடாத காசை வாங்குபவரைவிட அதிக விழிப்போடு பார்க்க வேண்டும் என்பேன்.

நோய்க்கென்று மருத்துவங்கள் உண்டு. சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற உப்பின் 5 விழுக்காட்டுக் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றிக் குளோரைடை வெளியே இழுப்பது ஒரு வழி. வெளியே வந்த நீரில் சிறிது எடுத்து நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், குளோரைடு இன்னும் இருந்தால் பால் வெள்ளையாகக் கலங்கும். இந்த முறையில் படலத்தின் நிறம் மாறலாம். மேலே நீலப்பச்சையாக ஒரு புதிய உப்பும் படியலாம். 1960களின் பிற்பகுதியிலிருந்து அருங்காட்சியகங்கள் பென்சோடிரையசோல் என்ற பொருளை எத்தனாலில் 3 விழுக்காடு கரைத்துப் பயன்படுத்துகின்றன. அது செம்போடு பிணைந்து வினையைத் தடுக்கும் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. உடலுக்குத் தீங்கானது என்பதால் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயுற்ற காசைத் தனியே பிரித்து, உலர்ந்த டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டுவைத்து, அது அருமையான காசாக இருந்தால் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வேதியியலரிடம் காட்டுவதே பெரும்பாலானோருக்குச் சரிவரும்.

நோய் இல்லாத, உலர்ந்த காசுக்கு மெழுகு போடும் வேலை இனிமையானது. அசிட்டோனில் நனைத்தெடுத்த காசை மேசைவிளக்கின் வெப்பத்தில் சிறிது நேரம் காயவைக்க வேண்டும்; துளைகளுக்குள் ஈரம் இருந்தால் மெழுகு அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். நைட்ரைல் கையுறை அணிந்து, காசை விளிம்பில் பிடித்துக்கொண்டு, டப்பாவிலிருந்து அரைமிளகு அளவு எடுத்தால் ஒரு சதுரக் காசின் இரு பக்கங்களுக்கும் அது மிகுதி. வெண்மையான கெட்டிப் பசை. மூடியைத் திறந்ததும் பெயின்ட் கடை வாசனை அடிக்கும். வெதுவெதுப்பான செம்பின் மேல் பட்டதும் அது இளகி, மென்தூரிகையின் நுனியோடு யானையின் கால்களுக்கு இடையிலும், மேலே உள்ள மங்கலச் சின்னங்களின் இடுக்கிலும் பரவும். சில நிமிடங்கள் விட்டு, பலமுறை துவைத்த பருத்தித் துணியால் மெல்ல ஒற்றித் துடைத்தால் வேலை முடிந்தது.

அப்போது நடக்கும் மாற்றத்துக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். சாம்பல் பூத்த பச்சையாக இருந்த படலம், மழையில் நனைந்த கருங்கல்லைப் போல ஆழ்ந்த நிறம் கொள்கிறது. படலத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கும்போது ஒளி எல்லாத் திசையிலும் சிதறி மங்கலாகத் தெரிகிறது. அந்தத் துளைகளை மெழுகு நிரப்பியதும் சிதறல் குறைகிறது. பின்பக்கத்தில் கோட்டுருவமாக இருக்கும் பாண்டியரின் மீன், அதுவரை தடவிப் பார்த்தே உணர வேண்டியதாக இருந்தது, கண்ணுக்கே தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. புகைப்படம் எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அதே காரணத்தால், இணையத்தில் படம் பார்த்து வாங்கும்போது காசின் இயல்பான நிறம் இதுதானா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுபவற்றோடு ஒப்பிட்டால் மெழுகின் மேன்மை தெளிவாகிறது. வாசலின் தடவும் பழைய வழக்கம் நிறத்தை ஆழமாக்கும். ஆனால் காயாமல் பிசுபிசுத்துத் தூசியையும் துணி நூலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய்க்கும் அதே குறை. கார் பாலிஷில் தேய்க்கும் துகள்கள் இருக்கும். அதைக் காசுக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அசிட்டோனில் கரைத்துப் பூசும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின், பொருக்காகப் பெயரும் காசைப் பிடித்து நிறுத்த மெழுகைவிடச் சிறந்தது. மேற்பூச்சாகப் போட்டால் சற்றே பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ரெனைசான்ஸ் வேக்ஸ் காய்ந்தபின் கையில் ஒட்டுவதில்லை. விரல்பட்டால் ரேகை பதிவதில்லை. நம் ஊர்க் கோடையும் இதை உருக்காது. நுண்படிக மெழுகுகள் உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும்.

குறைகளும் உண்டு. அளவு கூடினால் எழுத்துகளின் இடுக்கிலும் குழிகளிலும் மெழுகு தங்கி, காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும். புதியவர்கள் அதைப் பார்த்து நோய் வந்துவிட்டதென்று பதறுவதுண்டு. பல்குச்சியால் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும்: மெழுகு வழுக்கிக்கொண்டு இழுபடும், நோயின் தூள் மாவாக உதிரும். பஞ்சால் பூசினால் கரடுமுரடான படலத்தில் பஞ்சிழை சிக்கிக்கொள்ளும் என்பதால் தூரிகையையே பரிந்துரைப்பேன். ஏற்கெனவே பெயர்ந்து கொண்டிருக்கும் படலத்தின் மேல் துணியால் மெருகேற்றுவது, மிச்சமிருப்பதையும் பெயர்த்துவிடும்.

பூசியதை நீக்க முடியும் என்பது இந்த மெழுகின் பெரிய தகுதி. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனில் நனைத்துத் தூரிகையால் துடைத்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். நுண்துளைகளில் இறங்கியது சிறிதளவு தங்கவே செய்யும். ஆகவே ஆய்வுக்குப் போகக்கூடிய காசு, இதுவரை யாரும் படிக்காத எழுத்துள்ள காசு ஆகியவற்றுக்கு நான் மெழுகு போடுவதில்லை. மேற்பரப்பில் ஒட்டியுள்ள நுண்பொருள்களைச் சோதிக்க விரும்பும் ஆய்வாளருக்குப் பெட்ரோலிய மெழுகு ஒரு தொந்தரவு.

வெள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முத்திரைக் காசுகளிலும் ரோமானிய தினாரிகளிலும் தெரியும் கருமை, காற்றிலுள்ள கந்தகத்தால் உண்டாகும் வெள்ளி சல்பைடு. அளவோடு இருக்கும் கருமை சின்னங்களை எடுத்துக்காட்டும் அழகு. அதை நீக்கவே வேண்டியதில்லை. நகைக்கடைகளில் பயன்படுத்தும் டிப் திரவங்கள் ஒரு நொடியில் வெளுக்கச் செய்யும், கூடவே ஒரு மெல்லிய அடுக்கு வெள்ளியையும் கொண்டுபோகும். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை கொண்டிருக்கக்கூடும் என்பதால், மூக்குக்கண்ணாடிக் கடையில் உள்ள அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவதும் ஆபத்து. வெள்ளிக்கு மெழுகு போட்டால் கருப்பது சற்றுத் தாமதமாகும். நல்ல உறையும் உலர்ந்த பெட்டியும் அதே பலனைத் தரும். தங்கத்துக்கு ஒன்றுமே வேண்டாம். வீரராயன் பணம் போன்ற குன்றிமணி அளவுத் தங்கக்காசில் மெழுகு பூசித் துணியால் துடைக்கப்போனால் காசு வளைவதுதான் மிச்சம்.

உறை என்றதும் நினைவுக்கு வருகிறது. மெழுகுக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் ஆல்பத்தை ஒருமுறை முகர்ந்து பார்க்க வேண்டும். புதிய மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பி.வி.சி. அதை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய் நாளாக நாளாகக் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். பிளாஸ்டிக்கே சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். ஐயம் இருந்தால் ஒரு செப்புக் கம்பியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, அதில் ஒட்டிய துளியோடு மறுபடியும் தீயில் காட்டிப் பாருங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், புகையை முகராமல் செய்ய வேண்டும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகள் வளையாமல் விறைப்பாக இருக்கும், விலையும் சற்றுக் கூடுதல். ஆனால் காசுக்குத் தீங்கில்லை. மெழுகு பூசிய காசைப் பி.வி.சி. உறையில் போட்டு வைத்திருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குகிற வேலை அது.

காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, அருகில் ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்தால் கடலோர ஊரிலும் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று தெரியும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால் ஆரஞ்சு மணிகளையே வாங்குகிறேன். வடிநீர், அசிட்டோன், மைலார் உறை, சிலிகா ஜெல் ஆகிய நான்கையும் ஒரு சிறிய ரெனைசான்ஸ் வேக்ஸ் டப்பாவின் விலைக்குள் வாங்கிவிடலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் இந்த நான்கையும் வாங்குங்கள்.

இறக்குமதிப் பொருள் என்பதால் விலை அதிகம்தான். ஆயினும் காசுகளுக்கு மட்டும் என்றால் 65 மி.லி. டப்பா ஆண்டுக்கணக்கில் தீராது, 200 மி.லி. வாங்குவது தேவையற்றது. பெரிய டப்பாவிலிருந்து பிரித்து, பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து மலிவாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அதில் உள்ளே இருப்பது இந்த மெழுகுதானா, சாதாரணப் பாரஃபினா என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. குப்பியைக் கரைப்பான் இளகச் செய்யவும் கூடும். நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து முத்திரை உடையாத ஒரு டப்பாவை வாங்கி, சிறு கண்ணாடிக் குப்பிகளில் பங்கிட்டுக்கொள்வது இதைவிட நல்ல வழி.

மூடியை இறுக மூடாவிட்டால் கரைப்பான் ஆவியாகி மெழுகு கட்டிதட்டிவிடும். அப்படி ஆனால் தூக்கி எறிய வேண்டாம். மினரல் டர்பன்டைன் சில துளிகள் விட்டு, மரக்குச்சியால் குழைத்து ஒரு நாள் மூடிவைத்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்து இளக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தீப்பிடிக்கக் கூடியது.